கூட்டம் வேறு, வாக்கு வேறு: இலங்கை மலையகம் கண்ட இரு ஜனாதிபதித் தேர்தல்கள்

தோட்டப்புறத் தமிழர் சினிமாப் பித்தர். வெண்திரையில் கண்ட முகம் கைகாட்டிய பக்கம் வாக்கைப் போட்டுவிட்டு வருவர் என்பது நகரத்தார் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஓர் ஏளனம். மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களை அறிந்தோர்க்கு இந்த ஏளனம் எங்கிருந்து பிறந்தது என்பது விளங்கும். ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், பொழுது சாயுமுன்பே பாயும் சாக்கும் விரித்து இடம் பிடித்தவர்கள் அம்மக்கள். லயத்து வீட்டுச் சுவரில் முருகன் படத்துக்கு அருகே நடிகர் படமும் தொங்கியதுண்டு. ஆனால் ஒருவர் படத்தைச் சுவரில் மாட்டுவதும், அவர் சொல்லுக்காக வாக்கை மாற்றுவதும் ஒரே செயல்தானா? இதற்கு விடை காண ஊகம் போதாது. தேர்தற் கணக்கு வேண்டும்.

நாடு முழுவதும் ஒரே தொகுதியாக நின்று ஒருவரைத் தெரிந்தெடுக்கும் ஜனாதிபதித் தேர்தலே இதற்கு ஏற்ற உரைகல். தொகுதித் தேர்தலில் வேட்பாளரின் உறவு, ஊர், உள்ளூர்ப் பகை எல்லாம் கலந்துவிடும். மலேசியாவிலோ ஜனாதிபதித் தேர்தல் இல்லை. மாமன்னரை ஒன்பது மலாய் ஆட்சியாளர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தம்முள் தெரிந்தெடுக்கின்றனர். சுல்தான் இல்லாத மலாக்காவின் ஆளுநருக்கு அத்தெரிவில் வாக்கும் கிடையாது. ஆகவே நம் உறவினர் வாழும் இலங்கை மலையகத்தை நோக்க வேண்டியுள்ளது.

உறவினர் என்பது உபசார வார்த்தையன்று. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்னும் சீன வணிகர் ரப்பர்க் கன்றுகளை நட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. அதைத் தொடர்ந்து எழுந்த ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கக் கங்காணிகள் திருச்சி, தஞ்சை, சேலம், ஆற்காட்டுச் சீமைகளுக்குச் சென்றனர். இலங்கைத் தேயிலைத் தோட்டக் கங்காணிகளும் சென்றது அதே சீமைகளுக்கே. ஒரு கூட்டம் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தது. மற்றொரு கூட்டம் மண்டபம் முகாமில் தங்கித் தலைமன்னாரில் இறங்கியது. அண்ணன் தேயிலைக்கும் தம்பி பால்மரத்துக்கும் போன குடும்பங்கள் உண்டு. லயம், பிரட்டு, கங்காணி, கிராணி, துரை என்ற சொற்கள் இரு கரையிலும் ஒன்றாக வழங்குவது இதன் விளைவு.

ஆனால் வாக்குரிமை வரலாற்றில் அண்ணன் பட்ட பாடு பெரிது. 1947ஆம் ஆண்டு இலங்கைப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மறு ஆண்டே நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டத்தால் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட தோட்டத் தமிழர் நாடற்றோராயினர். அடுத்து வாக்குரிமையும் போயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தல் நடந்தபோது அம்மக்களுள் மிகப் பலர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். வாக்குச் சாவடியில் அவர்களுக்கு வேலை இல்லை. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். சரக்கைப் பங்கிடுவது போன்ற இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் போக விருப்பம் என்று அம்மக்களைக் கேட்ட பின்னர் எண்ணிக்கை வகுக்கப்படவில்லை. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்ட முறையில் முடிவு கட்டியது 2003ஆம் ஆண்டுச் சட்டமே. மலேசியத் தோட்டங்களிலும் சிவப்பு அடையாள அட்டையின் கசப்பை அறிந்தோர் உளர். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அடுத்து ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர் ஊர் திரும்பினர். ஆயினும் வாக்கு முற்றாகப் பறிபோய், தவணை தவணையாகத் திரும்பி வந்த அனுபவம் மலையகத்துக்கே உரியது. பின்வருவனவற்றைப் படிக்குங்கால் இதை மனத்தில் இருத்துதல் வேண்டும்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு இலங்கைக்கு அதிகாரம் மிக்க ஜனாதிபதியைத் தந்தது. மக்கள் நேரே வாக்களித்த முதல் ஜனாதிபதித் தேர்தல் 1982 அக்டோபர் 20ஆம் நாள் நடந்தது. தீவு முழுவதும் ஒரே பெட்டி ஆனமையால், நுவரெலியாவில் விழும் சீட்டுக்கும் கொழும்பில் விழும் சீட்டுக்கும் ஒரே மதிப்பு உண்டாயிற்று. நாடாளுமன்றத்தில் சிறு எண்ணிக்கையாய்ப் போன மலையகத்தாரின் வாக்கு ஜனாதிபதித் தேர்தலில் தேடப்படும் பொருளாக மாறியது இதனால்தான்.

2014 நவம்பர் 20ஆம் நாள் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச தம் பதவிக்காலம் முடிய இரண்டாண்டு இருக்கும்போதே தேர்தலை அறிவித்தார். போரை முடித்தவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. எதிர்த்து நிற்க ஆளில்லை என்றே பலரும் நினைத்தனர். மறுநாளே அவருடைய சுகாதார அமைச்சரும் கட்சிப் பொதுச் செயலாளருமான மைத்திரிபால சிறிசேன எதிர்ப்பக்கம் சென்று பொது வேட்பாளராக நின்றார். போட்டி திடீரெனக் கடுமையாயிற்று. இந்நிலையில் டிசம்பர் 28ஆம் நாள் இந்தி நடிகர் சல்மான் கான் கொழும்பில் மகிந்தவின் பிரசார மேடையில் தோன்றினார். உடன் வந்தவர் 2006ஆம் ஆண்டு இலங்கை அழகியாகத் தெரிவாகிப் பின் இந்திப் பட உலகில் புகழ் பெற்ற ஜாக்குலின் பெர்னாண்டஸ். கொழும்பு மக்கள் திரண்டு பார்த்தனர். தமிழ்நாட்டில் கண்டனம் எழுந்தது. மும்பையில் அந்நடிகரின் இல்லத்தின் முன் தமிழர் ஆர்ப்பாட்டம் செய்தனர்.

வேற்று நாட்டு நடிகர் ஒருவர் எதற்காக வந்தார் என்ற வினா எழுவது இயல்பு. 2014 ஜூன் மாதம் அளுத்கமையில் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் நிகழ்ந்திருந்தது. மனம் முறிந்திருந்த முஸ்லிம் வாக்காளரைக் கருதியே சல்மான் கான் மேடையேற்றப்பட்டார் என்று எண்ண இடமுண்டு. பயன் விளைந்ததா? அந்த டிசம்பர் முடிவதற்குள் இரு பெரும் முஸ்லிம் கட்சிகளும் அரசை விட்டு விலகிச் சிறிசேனவை ஆதரித்தன. தமிழரும் முஸ்லிம்களும் மிகுந்து வாழும் மட்டக்களப்பு மாவட்டத்தில் சிறிசேன 81 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார்.

மலையகத்தின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. கொழுந்து பறிக்கும் பெண்களுக்குச் சென்னை நடிகர்களே நெருங்கியவர்கள். மும்பை நடிகரைவிட அவர்களிடம் செல்வாக்கு மிக்க நட்சத்திரம் ஒன்று மலையிலேயே இருந்தது. அதுதான் தொண்டமான் என்னும் பெயர். சௌமியமூர்த்தி தொண்டமான் கட்டி வளர்த்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் சொல்லுக்குத் தோட்டங்கள் ஒருங்கே அசைந்த காலம் உண்டு. அவர் 1999இல் மறைந்தபின் பேரர் ஆறுமுகன் தொண்டமான் தலைமை ஏற்றார். 2015ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி மகிந்தவின் பக்கம் நின்றது. திகாம்பரம், இராதாகிருஷ்ணன் முதலிய மலையகத் தலைவர்கள் சிறிசேனவின் பக்கம் சென்றனர்.

மக்களின் மனத்தில் அப்போது இருந்தது வேறொன்று. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்தின்மேல் மலை சரிந்தது. லயங்கள் வரிசையோடு மண்ணில் புதைந்தன. பலர் உயிர் இழந்தனர். அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே விடப்பட்டிருந்தது. எச்சரித்தவர்கள் மாற்றிடம் தரவில்லை. வெள்ளைக்காரன் காலத்து லயத்தை விட்டால் அவர்களுக்குப் போக்கிடமும் இல்லை. வீட்டுக்கு ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற கோரிக்கை அன்று மலையெங்கும் மூண்டெழுந்தது. அதன்பின் இரண்டரை மாதத்துக்குள் தேர்தல் வந்தது.

2015 ஜனவரி 8ஆம் நாள் வாக்களிப்பு நடந்தது. சிறிசேன 62,17,162 வாக்குகளும் மகிந்த 57,68,090 வாக்குகளும் பெற்றனர், வேறுபாடு 4,49,072. நுவரெலியா மாவட்டத்தில் சிறிசேனவுக்கு ஏறத்தாழ 64 விழுக்காடு, மகிந்தவுக்கு 34 விழுக்காடு. அம்மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். மற்றவருள் பெரும்பாலோர் சிங்களர். ஆதலால் இவ்வெண்களைத் தமிழ் வாக்கு என்று மட்டும் படித்தல் கூடாது. எனினும் தோட்டத் தொழிலாளரின் பெருவாரியான ஆதரவின்றி இத்தகைய வேறுபாடு தோன்றியிருக்க வழியில்லை. மீரியபெத்தை அமைந்த பதுளை மாவட்டத்தின் கணக்கு வியப்பூட்டுவது: சிறிசேன 2,49,524, மகிந்த 2,49,243. வேறுபாடு 281 வாக்கு. ஒரு நடுத்தரத் தோட்டத்தின் இரண்டு மூன்று லயவரிசைகளில் அத்தனை வாக்காளர் இருப்பர்.

தொழிற்சங்கச் சந்தா தோட்டங்களில் சம்பளத்திலேயே பிடிக்கப்படும். வாக்கை அவ்வாறு பிடித்துக்கொள்ளக் கணக்குப் பிள்ளை எவரும் இல்லை. சந்தாவைக் கொடுத்துக்கொண்டே தலைவர் சொன்னதற்கு மாறாக வாக்களிக்க மறைவாக்கு இடந்தந்தது. இதைச் சிலர் நன்றி மறத்தல் என்று கண்டித்தனர். நன்றிக்குரிய இடத்தில் சந்தாவும் நாட்டுக்குரிய இடத்தில் வாக்கும் செலுத்தினர் என்று கொள்வதே பொருத்தம்.

அடுத்த தேர்தலில் மேடையேறியவர் அயலார் அல்லர்; மலையகத்தின் மைந்தர். முத்தையா முரளிதரன் 1972இல் கண்டியில் பிறந்தவர். தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து சென்றவரின் பேரர். 1995ஆம் ஆண்டு மெல்பர்ன் ஆட்டத்தில் அவருடைய பந்துவீச்சு முறைகேடானது என்று நடுவர் அறிவித்தபோது அவருக்காகத் தீவு முழுவதும் கொதித்தது. 2010 ஜூலையில் காலியில் தம் கடைசி டெஸ்ட் ஆட்டத்தில் தாம் வீசிய கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தி விடைபெற்றார். அத்தொகையை இன்றளவும் வேறெவரும் எட்டவில்லை. சிங்களவர் கொண்டாடிய தமிழர் என்று ஒருவரைச் சுட்ட வேண்டுமாயின் முதலில் வரும் பெயர் அவருடையதே.

2019 நவம்பர் 16ஆம் நாள் ஜனாதிபதித் தேர்தல் குறிக்கப்பட்டது. மகிந்தவின் தம்பியும் போர்க்காலப் பாதுகாப்புச் செயலாளருமான கோட்டாபய ராஜபக்சவும், சஜித் பிரேமதாசவும் முதன்மைப் போட்டியாளர். அந்த ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்தமையால் நாட்டின் பாதுகாப்பே பெரும் பேச்சாயிற்று. செப்டம்பர் மாதம் கொழும்பில் கோட்டாபயவின் ஆதரவாளர் கூட்டிய அவையில் முரளிதரன் பேசினார். அச்சமின்றி நடமாட வழி பிறந்ததால், விடுதலைப் புலிகள் தோற்ற 2009ஆம் ஆண்டின் அந்த நாள் தமக்கு மிக மகிழ்ச்சியான நாள் என்ற கருத்தை அப்பேச்சில் வெளியிட்டார். கோட்டாபயவே நாட்டை ஆளத் தகுந்தவர் என்றும் ஆதரித்தார்.

அச்சொல் தமிழர் செவியில் விழுந்த விதம் வேறு. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் பிள்ளைகளையும் பெற்றோரையும் இழந்தவர்களுக்கு அது துக்க நாள். புலிகளை ஏற்காத தமிழர் வீட்டிலும் அந்த மாதத்தில் மகிழ்ச்சி இருந்ததில்லை. முரளிதரன் தம் அனுபவத்தைச் சொன்னார் என்று அவருக்காக வாதாடலாம். குண்டுக்கு அஞ்சி வாழ்ந்த கொழும்பு வாழ்வும், இரு தரப்பும் ஐயத்தோடு பார்த்த மலையகத் தமிழர் நிலையும் உண்மையே. ஆயினும் ஒரு வேட்பாளரின் மேடையில் நின்று சொன்னமையால் அனுபவம் பிரசாரமாகிவிட்டது.

தோட்டங்களில் அப்போது நடந்த பேச்சு நாட்கூலியைப் பற்றியது. 1000 ரூபாய் வேண்டும் என்று தொழிலாளர் கேட்டுவந்தனர். 2019 ஜனவரியில் செய்த கூட்டு ஒப்பந்தம் அடிப்படைக் கூலியை 700 ரூபாயாக நிறுத்தியது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சங்கங்களின் மேல் மனக்குறை இருந்தது. ஆறுமுகன் தொண்டமானின் கட்சி இம்முறை கோட்டாபயவை ஆதரித்தது. மனோ கணேசனின் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தை ஆதரித்தது.

முடிவு வந்தபோது கோட்டாபய 69,24,255 வாக்குகள் பெற்று வென்றார், சஜித்துக்கு 55,64,239. நுவரெலியா மாவட்டம் 58 விழுக்காட்டுக்கு மேல் சஜித்துக்கு அளித்தது. கோட்டாபயவுக்கு ஏறத்தாழ 37. யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித்துக்குக் கிட்டத்தட்ட 84 விழுக்காடு, கோட்டாபயவுக்கு ஆறு. முரளிதரன் பிறந்த கண்டி மாவட்டத்தில் கோட்டாபயவே முன்னின்றார். அது சிங்களர் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம். நுவரெலியாவில் அண்ணன் பெற்றதைவிடத் தம்பி மூன்று விழுக்காடு கூடுதலாகப் பெற்றார் என்பதையும் மறைத்தல் ஆகாது. அந்தச் சிறு ஏற்றத்தை ஒருவர் பெயரில் வரவு வைப்பது நியாயமன்று. ஆயினும் உலகப் புகழ் பெற்ற தம் மண்ணின் பிள்ளை கேட்டும் மாவட்டம் புரளவில்லை.

அப்படியாயின் முரளிதரனின் ஆதரவு வீணோ? வீண் என்று சொல்லிவிட முடியாது. அச்சொல் தமிழரை நோக்கி எறியப்பட்டதாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. தமிழர் ஒருவரே எங்கள் வேட்பாளரை ஏற்கிறார் என்று சிங்கள வாக்காளர்க்கும் வெளிநாட்டார்க்கும் காட்ட ஒரு சாட்சி தேவைப்பட்டது. நீதிமன்றத்தில் சாட்சி பேசுவது நீதிபதியை நோக்கி, எதிர்த்தரப்பை நோக்கியன்று. சாட்சி சொன்னவர் மேல் எதிர்த்தரப்புக்குக் கோபம் மிஞ்சுவதும் இயல்பு.

அக்கோபத்தின் விலையை அவர் அடுத்த ஆண்டே கொடுத்தார். முரளிதரனின் வாழ்க்கையை '800' என்ற பெயரில் படமாக்கவும், அவர் வேடத்தில் விஜய் சேதுபதி நடிக்கவும் 2020 அக்டோபரில் ஏற்பாடு வெளியானதும் தமிழ்நாட்டில் எதிர்ப்பு மூண்டது. இயக்குநர் பாரதிராஜா, கவிஞர்கள் வைரமுத்து, தாமரை முதலியோர் நடிகரை விலகுமாறு வேண்டினர். போர் ஓய்ந்து இருபுறமும் சாவு நின்றதையே மகிழ்ச்சி என்றதாக முரளிதரன் விளக்கம் அளித்தார், விளக்கம் எடுபடவில்லை. தம் பொருட்டு நடிகருக்கு இடையூறு வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொள்ள, விஜய் சேதுபதி விலகினார். ஒரு விளையாட்டு வீரரின் ஒரு மாலைப் பேச்சு அவருக்காகப் பேச வந்த நடிகரையும் சுட்டது. மலையகப் பிள்ளை ஒருவரின் வாழ்க்கை திரையில் வருவதைத் தமிழகமே தடுத்தது சரியா என்று மலையகத்தார் சிலர் வருந்தியதும் உண்டு. அந்த வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது.

நட்சத்திர ஆதரவு எங்குமே பலிப்பதில்லை என்று கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் இருந்த படம் ஊர் ஊராக ஒட்டப்பட்டது. அவர் பரங்கிமலையில் வென்றார், தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. ஆனால் அவர் 1953 முதலே அக்கட்சியில் இருந்தவர். அவர் திரையில் ஏழையாக வந்ததையும் மேடையில் பேசியதையும் மக்கள் ஒன்றாகவே கேட்டு வளர்ந்தனர். அவருக்குச் சற்றும் குறையாத நடிகரான சிவாஜி கணேசன் சொந்தக் கட்சி கண்டு 1989இல் திருவையாற்றில் நின்று தோற்றார். 1996இல் ரஜினிகாந்தின் சொல் வீசிய காற்றோடு சேர்ந்து வீசியது; 2004இல் அவர் பாரதிய ஜனதாக் கட்சியை ஆதரித்தபோது தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஒன்றுகூட அக்கூட்டணிக்குக் கிட்டவில்லை. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு உட்கட்சித் தேர்தலில் ஓப்ரா வின்ஃப்ரியின் ஆதரவு ஒபாமாவுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் வாக்குகளைச் சேர்த்தது என்று இரு பொருளியலாளர் கணித்துள்ளனர். 2024இல் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் ஆதரவு பெற்ற கமலா ஹாரிஸ் தோற்றார். உட்கட்சித் தேர்தலில் இரு வேட்பாளரும் ஒரே கொள்கையினர். மனம் தடுமாறும் அவ்விடத்தில் பிடித்தவர் சொல் எடையைச் சாய்க்கும். நிலமும் கூலியும் உயிரும் எடைத்தட்டில் இருக்குமிடத்தில் அதற்கு அவ்வளவு கனம் இருப்பதில்லை.

மலேசியாவிலும் இதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. 2013 பிப்ரவரியில் பினாங்கில் தேசிய முன்னணி நடத்திய சீனப் புத்தாண்டு விருந்துக்குக் கொரியப் பாடகர் சை வந்தார். பாடகருக்குத் தயாரா என்று பிரதமர் நஜிப் கேட்டார், கூட்டம் ஆமென்றது. தேசிய முன்னணிக்குத் தயாரா என்றார். அதே கூட்டம் இல்லையென்றது. மே மாதத் தேர்தலில் பினாங்கின் 40 சட்டமன்ற இடங்களில் அம்முன்னணிக்குக் கிடைத்தவை பத்து. மேடைக்கு எதிரே நின்றுகொண்டே கூட்டம் தன் வாக்கை முன்கூட்டி அறிவித்த நிகழ்ச்சி உலகில் அரிது.

கோட்டாபயவின் ஆட்சி 2022 ஜூலையில் மக்கள் எழுச்சியால் கவிழ்ந்தது. அப்போது சனத் ஜயசூரிய முதலிய கிரிக்கெட் வீரர்கள் மக்களின் பக்கம் வந்து நின்றனர். மக்கள் முன்னே நடக்க, நட்சத்திரங்கள் பின்னே வந்தன. '800' படம் வேறொரு நடிகரைக் கொண்டு 2023 அக்டோபரில் வெளியாயிற்று. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மலையகத்தார் இலங்கைக்கு வந்து இருநூறாண்டு ஆனதை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு கூட்டம் கால்நடையாகச் சென்றது. ஜூலை இறுதியில் புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தனர். அவர்கள் கேட்டவற்றுள் வீட்டுக்கும் வாழ்வாதாரத்துக்கும் நிலம் வேண்டும் என்பதும் ஒன்று.